பழைய அச்சுப் புத்தக வரலாறு படிச்சா சோறு கிடைக்குமா?

கேள்வி கேட்ட தம்பி எஸ்பிஎம் (மலேசியாவுல அஞ்சாம் படிவப் பரீட்சை) முடிச்சிருக்காராம், வரலாறு எடுத்து பழைய புத்தகம் எப்படி அச்சாச்சு, யாரு கைக்கெல்லாம் போச்சுன்னு ஆராய்ச்சி பண்ண ஆசையாம், வீட்டுல ஒத்துக்கலையாம். எங்க வீட்டுலயும் அதே கதை தான், அம்மா இன்னிக்கும் வெளியாளுங்ககிட்ட "மவ லைப்ரரில வேல செய்யுது"னு தான் சொல்லுவாங்க, நானும் திருத்துறத விட்டுட்டேன்.

என்னைய இதுல இழுத்து விட்டது ஒரு அகராதி. மலாயா பல்கலைக்கழகம் 1966ல போட்டது, ஆனா உள்ள இருக்கிறது 1679ல கேரளா அம்பலக்காட்டுல அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகராதி. தொகுத்த புரோயென்சா பாதிரியார் அது அச்சாகுறதுக்கு 13 வருஷம் முன்னாடியே செத்துட்டாரு. வத்திக்கான் நூலகத்துல கிடந்த பிரதிய வச்சி அத திரும்ப வெளியிட்டவரு தனிநாயகம் அடிகள், அப்ப அந்தப் பல்கலைக்கழகத்துல இந்திய ஆய்வியல் துறைத் தலைவரு, முதல் உலகத் தமிழ் மாநாடும் அதே வருஷம் கோலாலம்பூர்ல தான். அம்பலக்காடு, ரோமு, அப்புறம் நம்ம கோலாலம்பூர். ஒரு புத்தகம் ஏன் இப்படி சுத்திச்சு, நடுவுல யாரு தொட்டாங்க, இத தேடுறது தான் எங்க தொழிலே.

உள்ள என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பாத்தா பத்தாது. 1578ல கேரளா கொல்லத்துல அச்சான தம்பிரான் வணக்கம்ங்கிற கிறிஸ்தவப் புத்தகம் 16 பக்கம் தான், வேகமா படிச்சா கோப்பி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும், ஆனா அச்சு எழுத்த எங்க வார்த்தாங்க, மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத எழுத்த அந்தக் கால ஆளு எப்படி வாசிச்சாருன்னு உக்காந்தா வருஷக்கணக்கா போயிரும். எனக்கு போச்சு. பிஎச்டிக்கே ஏழு வருஷம்.

வேலை விஷயம் ஒளிக்காம சொல்றேன், கஷ்டம் தான். நான் மணிக்கணக்கு சம்பளத்துல கிளாஸ் எடுத்தேன், ஒரு காலேஜ்ல நிரந்தரம் ஆக்குறேன்னு ரெண்டு வருஷம் இழுத்துட்டு கடைசியில அந்த பாடத்தையே தூக்கிட்டாங்க, அந்த வருஷம் டியூஷன் காசுல தான் கார் லோன் கட்டுனேன். இப்ப லெக்சரர், காண்ட்ராக்ட்டு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவ வயித்துல புளி கரைக்கும்.

அதனால தம்பி, கூடவே கட்டலாக் போடுற வேலை, இல்லன்னா பழைய தாள பாதுகாக்குற வேலை ஏதாச்சும் கத்துக்க. போர்த்துகீசியமும் இப்பவே ஆரம்பி. நான் 30 வயசுக்கு மேல ஆரம்பிச்சு இன்னும் வினைச்சொல்லுல தடுக்கி விழுறேன்.