கேளுங்க சொல்றோம்: ஜெனரேட்டர் வைக்கச் சொல்ல சட்டசபை வரைக்கும் போகணுமா?

கேள்வி: என் பொண்ணு ஃப்ளோரிடால ஒரு முதியோர் இல்லத்துல நர்ஸ். அங்க டிபார்ட்மென்ட் ஒரு விதி போட்டாக்கூட சட்டசபை ஓகே சொன்னாத்தான் செல்லும்னு சொல்றா. நிஜமாவா? (வாசகர், திருச்சி)

நிஜம்தான், ஆனா எல்லா விதிக்கும் இல்லைங்க, செலவு ஜாஸ்தியா வர்ற விதிக்கு மட்டும். 2010ல இதுக்கு ஒரு சட்டம் போட்டாங்க, அப்போ கவர்னரா இருந்த சார்லி கிறிஸ்ட் வேணாம்னு வீட்டோ பண்ணார், சட்டசபை விடல, அதே வருஷம் நவம்பர்ல கூடி அவர் வீட்டோவைத் தள்ளிட்டு நிறைவேத்திட்டாங்க. ஒரு விதியால 5 வருஷத்துல எல்லாருக்குமா சேர்த்து 10 லட்சம் டாலருக்கு மேல செலவு வரும்னா சட்டசபை ஒப்புதல் கிடைக்கிற வரைக்கும் அது வெறும் பேப்பர். 10 லட்சம்னு கேட்டா பெருசாத்தான் இருக்கு. அங்க சுமாரா 700 நர்சிங் ஹோம் (நம்ம ஊர் சின்ன ஆஸ்பத்திரி இல்லைங்க, நர்ஸ் கவனிப்போட இருக்கற முதியோர் இல்லம்), வகுத்துப் பாருங்க, ஒரு இடத்துக்கு 5 வருஷத்துக்கு 1,400 டாலர் சொச்சம், அதாவது மாசம் 24 டாலர். இதுல ஜெனரேட்டர் எங்க, டீசல் கேனுக்கே பத்தாது. ஆக உருப்படியா ஏதாவது வாங்க வைக்கிற விதி எதுவா இருந்தாலும் அந்த 10 லட்சம்ங்கற கோட்டைத் தாண்டிடும். செலவை மட்டும்தான் அந்தக் கோட்டுக்குக் கணக்கு எடுப்பாங்க, அந்த விதியால எத்தனை உயிர் தப்பிக்கும்ங்கறதைக் கழிச்சுப் பார்க்கறது கிடையாது.

கேள்வி: ஜெனரேட்டர்னு ஏன் குறிப்பா அதையே சொல்றீங்க?

காரணம் இருக்கு. 2017 செப்டம்பர்ல இர்மா புயல் அடிச்சப்போ ஹாலிவுட்னு ஒரு ஊர் (சினிமா ஹாலிவுட் இல்லைங்க, மியாமிக்கு வடக்கால இருக்கறது), அங்க ஒரு நர்சிங் ஹோம்ல லைட் எல்லாம் எரியுது, ஏசிக்குப் போற லைன் மட்டும் போயிடுச்சு. மூணு நாள் புழுக்கம், தற்காலிக கூலர் வச்சுப் பார்த்தாங்க, தாங்கல. 12 பேர் செத்தாங்க. ரோட்டைத் தாண்டினா எதிர்ல பெரிய ஆஸ்பத்திரி, அங்க ஏசி ஓடிட்டு இருந்துச்சு, அதை நினைச்சாத்தான் மனசு ஆறல.

கவர்னர் ரிக் ஸ்காட் உடனே அவசர விதி போட வச்சார், 60 நாளுக்குள்ள ஜெனரேட்டர் வைக்கணும்னு. இல்லம் நடத்தறவங்க கேஸ் போட்டாங்க, அக்டோபர் கடைசியில நிர்வாக நீதிபதி இதுல அவசரம் எதுவும் இல்லைன்னு ரத்து பண்ணிட்டார். அப்புறம் நிரந்தர விதி எழுதி, செலவு அறிக்கை போட்டு, அது எப்படியும் 10 லட்சத்தைத் தாண்டுமே, சட்டசபைக்குப் போயி 2018 மார்ச்லதான் ஒப்புதல் கிடைச்சுது. மின்சாரம் போனாலும் 96 மணி நேரம் உள்ள 81 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல போகக்கூடாது, விதி அவ்ளோதான். அதுக்கப்புறமும் நிறைய இடம் டைம் வேணும் டைம் வேணும்னு வாங்கிட்டுப் போனாங்க.

ஊரே கொந்தளிச்சு, கவர்னரே பின்னாடி நின்ன விதிக்கே ஆறு மாசம்ங்க! டிவில வராத விதிக்கு யாரு ஓடுவா? சட்டசபை வழக்கமா கூடறதே வருஷத்துக்கு 60 நாள், அதை விட்டா அடுத்த வருஷம்தான். அதனால அதிகாரிங்க எழுதும்போதே எப்படியாவது 10 லட்சத்துக்குள்ள நிக்குமான்னு பார்த்துத்தான் எழுதுவாங்கன்னு எனக்குத் தோணுது, சிலது எழுதவே மாட்டாங்க. எழுதாம விட்ட விதியால வர்ற இழப்பு எந்த அறிக்கையிலயும் வராது.

கேள்வி: அப்போ ஆபீசர் இஷ்டத்துக்கு விதி போட்டுத் தள்ளலாமா? சின்ன தொழில் பண்றவன் என்ன பண்ணுவான்? (கோவையிலிருந்து ஒருவர்)

நியாயமான கோபம். ஜெனரேட்டர் வைக்கக் கொடுத்த அந்த 60 நாள் கெடு எனக்கும் ஒத்துக்க முடியாததுதான், எல்லா இல்லமும் ஒரே நேரத்துல ஆர்டர் போட்டா அத்தனை பெரிய ஜெனரேட்டருக்கு எங்க போறது, எலக்ட்ரீஷியன் எங்க? செலவைக் கணக்கு போடச் சொல்லுங்க, இதைவிடக் குறைஞ்ச செலவுல வழி இருக்குன்னு யாராவது எழுதிக் கொடுத்தா அதுக்குப் பதில் சொல்ல வைங்க, இதெல்லாம் அந்தச் சட்டத்துலயே இருக்கு, நல்ல விஷயம். எனக்குப் பிரச்சனை, சட்டசபை ஓகே சொல்ற வரைக்கும் விதியை முடக்கி வைக்கிற அந்தப் பூட்டு மேலதான். செலவு இவ்ளோன்னு தெரிஞ்சுக்கறது வேற, தெரிஞ்சதும் தானா பூட்டு விழறது வேற.

கேள்வி: வேற மாநிலத்துலயும் இப்படி உண்டா?

விஸ்கான்சின்ல 2017ல இதே மாதிரி ஒரு சட்டம் போட்டாங்க, அங்க கோடு எந்த 2 வருஷத்துலயும் 1 கோடி டாலர். நிலத்தடி தண்ணியில கலந்திருக்கற பிஃபாஸ் (சுலபத்துல அழியாத ஒரு வகை ரசாயனம்) இவ்ளோதான் இருக்கலாம்னு அளவு நிர்ணயிக்க இயற்கை வளத்துறை விதி எழுதிட்டு இருந்தாங்க, செலவு கோட்டைத் தாண்டுதுன்னு 2023 கடைசியில வேலையை அப்படியே நிறுத்திட்டாங்க. அதே மாநிலத்துல லா க்ராஸ்ங்கற ஊர் பக்கத்துல ஃப்ரெஞ்ச் ஐலண்ட்னு ஒரு இடம், இந்த ரசாயனத்தால கிணத்துத் தண்ணி கெட்டுப்போயி 2021ல பாட்டில் தண்ணிக்கு மாற வேண்டியதாப் போச்சு. பாட்டிலுக்கு ஆகற காசு அந்த 1 கோடி கணக்குல சேராது.