இசை ஆசிரியர் இல்லாத பள்ளியில் இசைக்கருவிகளை எப்படி அறிமுகப்படுத்துவது?

கடலூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு, 40 பிள்ளைகள். கருவிகள் இல்லை, செலவுக்குப் பணமும் அதிகமில்லை. கருவிகளின் ஒலியும் அவை இயங்கும் விதமும் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும், எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று பலகையில் நான்கு கட்டம் போட்டுப் படம் ஒட்டித் தொடங்காதீர்கள். பத்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள், ஆனால் ஒரு ஒலியைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். எது அதிர்கிறது? அந்த அதிர்வை எது பெரிதாக்குகிறது? சுருதியை எது மாற்றுகிறது? இந்த மூன்றுக்கும் பிள்ளைகள் தங்கள் கையாலேயே விடை கண்டபிறகு நிஜக் கருவி வகுப்புக்குள் வரட்டும்.

முதல் நாளுக்கு ஒரு பூவரச மரம் போதும். மிகத் துளிராகவும் இல்லாமல் முற்றியும் போகாமல் நடுத்தர இலையாகப் பறிக்கச் சொல்லுங்கள். காம்பைக் கிள்ளிவிட்டு, ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை விரலால் மெல்ல நசுக்கி, உதட்டுக்குள் வைத்து ஊத வேண்டும். துளிர் இலை என்றால் இரண்டு மடிப்பும் ஒட்டிக்கொள்ளும். தளர்வாகச் சுருட்டினால் காற்று பக்கவாட்டில் போய்விடும். அதிகமாக நசுக்கினால் காற்றே புகாது. பீப்பீ வந்ததும், நசுக்கிய முனையைப் பிள்ளைகள் உற்றுப் பார்க்கட்டும். அங்கே இரண்டு நாக்குகள் காற்றின் வேகத்தில் மூடித் திறக்கின்றன. நாதசுரத்தில் உதட்டில் வைத்து ஊதும் பகுதியான சீவாளி செய்வதும் இதே வேலைதான். நாணல் வகைத் தட்டையில் செய்வதால் அது இலையைப்போல வாடுவதில்லை, அவ்வளவே வேறுபாடு. ஓர் இலையை ஒருவர் மட்டும் ஊத வேண்டும், கைமாற்றக் கூடாது.

அடுத்து இயற்பியல் ஆய்வகத்துக்குப் போங்கள். தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இரட்டை முள் கவைகள், அதாவது இசைக்கவைகள் (tuning fork), பெட்டியில் முழுதாக இருந்தால் அது ஒரு புதையல். கவைகளின் மேல் 256, 288, 320, 341, 384, 426, 480, 512 என்று, நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது பொறித்திருக்கும். இவற்றை வரிசையாகத் தட்டினால் ச ரி க ம ப த நி ச, அப்படியே சங்கராபரண ராகம். 384 என்பது 256இன் ஒன்றரை மடங்கு, அதுதான் பஞ்சமம். 512 இரண்டு மடங்கு, அது மேல் சட்ஜமம். கவையை மேசை விளிம்பில் அடிக்க விடாதீர்கள். முனை சிதைந்தால் சுருதி மாறிவிடும், கூடவே 'டிங்' என்ற வேண்டாத ஒலியும் கலக்கும். செருப்பின் ரப்பர் அடிப்பாகத்தில் தட்டுவது நல்லது. தட்டிய கவையின் காம்பை மேசைமேல் ஊன்றினால் ஒலி பெருகும். வீணைக்குக் குடம் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டிய தேவை அதன்பிறகு இருக்காது.

நரம்புக்கு நீங்களே ஒரு கம்பிப் பலகை செய்துவிடலாம். ஒரு மீட்டர் நீளப் பலகை, கடலூர் துறைமுகம் பக்கக் கடைகளில் கிடைக்கும் 0.6 மி.மீ. தூண்டில் நரம்பு, முக்கோணமாகச் செதுக்கிய இரண்டு மரத்துண்டுகள். நரம்பின் ஒரு முனையை ஆணியில் கட்டுங்கள். மறுமுனை பலகை விளிம்பைத் தாண்டித் தொங்கட்டும், அதில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டுங்கள். இரு முனையிலும் ஆணி அடித்து இழுத்துக் கட்டுபவர்கள் உண்டு. நைலான் நீண்டுகொண்டே போவதால் அப்படிக் கட்டினால் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். எடை தொங்கினால் இழுவிசை மாறாது. விளிம்பு கூர்மையாக இருந்தால் நரம்பு அங்கே சிக்கும், உப்புத்தாள் போட்டு உருட்டிவிடுங்கள்.

மரத்துண்டுகளுக்கு இடையே சரியாக 60 செ.மீ. வையுங்கள். 60ஐ எளிதாக வகுக்கலாம் என்பதற்காகவே இந்த அளவு. முழு நரம்பு சட்ஜமம். ஒரு துண்டை நகர்த்தி 45 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் மத்திமம், 40இல் பஞ்சமம், 30இல் மேல் சட்ஜமம். இடைப்பட்டவை வேண்டுமென்றால் ரிஷபம் 53.3, காந்தாரம் 48, தைவதம் 36, நிஷாதம் 32. அளவுகோலைப் பலகையிலேயே ஒட்டிவிடுங்கள். மேலே போகப்போக இடைவெளி குறுகுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். வீணையின் 24 மெட்டுகளும் (நரம்பை அழுத்தும் குறுக்குக் கட்டைகள்) குடத்தை நெருங்க நெருங்க ஏன் நெருக்கமாகின்றன என்பது அப்போது விளங்கிவிடும்.

பிறகு எடையை மாற்றுங்கள். சுருதியை இரண்டு மடங்காக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று முதலில் கேளுங்கள். எல்லோரும் இரண்டு மடங்கு என்பார்கள். அரை லிட்டர் பாட்டிலைத் தொங்கவிட்டுக் கேட்டு, ஒரு லிட்டராக்கிக் கேட்டால் மேல் சட்ஜமம் வந்திருக்காது. 2 லிட்டருக்கு ஏற்றினால்தான் வரும், அதாவது நான்கு மடங்கு. ஊகம் பொய்த்துப்போகும் இந்த இடத்துக்கு நிறைய நேரம் கொடுங்கள், விடையை அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

துளைக்கருவிக்கு மின்வயர் போடும் 20 மி.மீ. பிவிசி குழாய் வாங்குங்கள். ஒரு பக்கம் அடைத்த எட்டுக் குழாய்கள் வேண்டும். அடைப்பிலிருந்து வாய்வரை உள்நீளம் முறையே 16.5, 14.6, 13.1, 12.3, 10.9, 9.7, 8.6, 8.0 செ.மீ. நம் ஊர் 30 டிகிரி வெயிலில் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது என்று வைத்துக் கணக்கிட்ட அளவுகள் இவை. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். 16.5இல் மூன்றில் இரண்டு 11 என்று கணக்குப் போட்டுப் பஞ்சமக் குழாயை வெட்டுவார்கள், சுருதி சற்றே இறங்கி ஒலிக்கும். காற்றின் அதிர்வு குழாய் வாயோடு நின்றுவிடாமல் சுமார் அரை செ.மீ. வெளியேயும் நீள்வதுதான் காரணம். அந்த அரையைச் சேர்த்து 17க்கு மூன்றில் இரண்டு பார்த்துவிட்டு, மறுபடி அரையைக் கழிக்க வேண்டும். உதடு வாயைக் கொஞ்சம் மூடுவதாலும் சுருதி இறங்கும். அதனால் குழாய்களை 2 செ.மீ. கூடுதலாக வெட்டி, களிமண்ணால் அடைத்து, பென்சிலால் உள்ளே தள்ளித் தள்ளிக் கவையோடு சேருங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க மறக்காதீர்கள், உதட்டைக் கிழித்துவிடும்.

இதோடு ஒரு கண்ணாடி பாட்டிலையும் எடுங்கள். தண்ணீர் ஊற்ற ஊற்ற, வாயில் ஊதினால் சுருதி ஏறும், கரண்டியால் தட்டினால் இறங்கும். ஊதும்போது அதிர்வது காற்று, அது தண்ணீர் ஏற ஏறக் குறைகிறது. தட்டும்போது அதிர்வது கண்ணாடி, அதன்மேல் தண்ணீரின் பாரம் கூடுகிறது. ஜலதரங்கத்தின் சூட்சுமம் இரண்டாவது. விருத்தாசலம் பீங்கான் கிண்ணம் ஏழெட்டு கிடைத்தால் அதையும் செய்து பார்த்துவிடலாம்.

தோற்கருவிக்குப் பால் பவுடர் டின்னின் வாயில் பலூனை வெட்டி இழுத்துக் கட்டினால் போதும். தட்டிக் கேட்டபின், சப்பாத்தி மாவைச் சுண்டைக்காய் அளவு எடுத்து நடுவில் அப்பளமாகத் தட்டி ஒட்டுங்கள், சுருதி இறங்கிவிடும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புவது இதற்குத்தான். வலப்பக்கமான வலந்தலையின் நடுவில் இருக்கும் சோறு என்ற கரிய பூச்சு இன்னும் நுட்பமான வேலை செய்கிறது. வெறும் தோலின் மேல்சுரங்கள் (அடிப்படைச் சுருதியோடு கூடவே எழும் உயர்ந்த ஒலிகள்) அதன் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் வரும், சோறு அவற்றை 2, 3, 4, 5 என்ற வரிசைக்குக் கொண்டுவருகிறது. சர் சி. வி. ராமன் 1920இல் எழுதிக் காட்டியது இது. ஏழாம் வகுப்புக்கு மடங்கு எண்கள் வேண்டாம், ஆனால் ராமன் மிருதங்கத்தை ஆராய்ந்தார் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கஞ்சக் கருவிக்கு அரை மணி போதும். எவர்சில்வர் கரண்டியை நூலின் நடுவில் கட்டி, இரு நுனிகளையும் காதில் அழுத்திக்கொண்டு மேசையில் இடித்தால் கோயில் மணி கேட்கும்.

இத்தனைக்கும் பிறகு கலைஞர்களை அழையுங்கள். கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம் எல்லாம் கற்பிக்கிறார்கள். புதுச்சேரிப் பக்கம் என்றால் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடம். நாதசுரக்காரரும் தவில்காரரும் முகூர்த்த மாதங்களில் கிடைக்க மாட்டார்கள், ஆடியிலோ மார்கழிப் பகலிலோ கேளுங்கள். போக்குவரத்துச் செலவும் சன்மானமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், பள்ளிக்கூடம்தானே என்று இலவசமாக வரச்சொல்வது முறையல்ல. வகுப்பறை வேண்டாம், மரத்தடிதான் சரி. மூடிய அறையில் நாதசுரமும் தவிலும் காதை அடைத்துவிடும்.

பாட்டு கேட்பதற்கு முன், சீவாளியை மட்டும் கழற்றி ஊதிக் காட்டச் சொல்லுங்கள். பூவரச இலையின் அதே 'பீ' வரும். பிறகு உலவு எனப்படும் நீண்ட மரக்குழலில் பொருத்தி, விரல்களை ஒவ்வொன்றாகத் திறக்கட்டும். தவிலின் இரு பக்கத்தையும் தனித்தனியாகத் தட்டச் சொல்லுங்கள். விரலில் கூடு மாட்டி வாசிக்கும் வலப்பக்கம்தான் அகலம், ஆனால் சுருதி அதில்தான் உயரம். ஏன் என்று பிள்ளைகளையே கேளுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டவர்கள், தோல் அங்கே இறுக்கம் அதிகம் என்று சொல்லிவிடுவார்கள். இடப்பக்கக் கழி பூவரச மரத்தில் செய்தது, கட்டை பலா மரம், நம் பண்ருட்டியில் வளர்கிற அதே மரம். கலைஞர் சம்மதித்தால், வாசிக்கும்போதே அந்தப் பலாக் கட்டையின்மேல் நான்கு நான்கு பேராகக் கை வைத்துப் பார்க்கட்டும்.