ஒட்டுப்பாலுக்கு இங்கிலீஷ்ல என்ன?

வணக்கம் சார்,
மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு காலேஜ்ல இங்கிலீஷ் எடுக்கிறேன். செகண்ட் இயர் பிள்ளைகளுக்கு டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங் ப்ராஜெக்ட், அதாவது சொந்தக் கதைய தன் குரல்ல சொல்லி, படம் சேர்த்து சின்ன வீடியோவா ஆக்குறது, அஞ்சு பேருக்கு ஒரு வீடியோ. ஒவ்வொரு குரூப்லயும் இங்கிலீஷ் நல்லா வர்ற ஒரு ஆளே எழுதி, பேசி முடிச்சிடுது. மத்தவங்க போட்டோ ஒட்டுறதோட சரி. அவங்களுக்குள்ள பேச்சும் பூரா தமிழ்தான். என்ன செய்யலாம்?
ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

தமிழ்ல பேசுறத மட்டும் தடுத்துராதீங்க. 1990-கள்ல கலிபோர்னியாவுல ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி எல்லாம் இந்த டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங் முறைய உருவாக்கினப்பவே, கம்ப்யூட்டர தொடுறதுக்கு முன்னாடி எல்லாரும் வட்டமா இருந்து ஆளுக்கொரு கதை சொல்லணும், ஸ்டோரி சர்க்கிள்னு பேரு. அங்க போய் இங்கிலீஷ்லதான் பேசணும்னா பாதிப் பிள்ளைகளுக்கு வாய் அடைச்சிரும்.

போன வருஷம் குலசேகரம் பக்கம் ரெண்டு நாள் பட்டறை நடத்தினேன். ஒரு பொண்ணு, அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு, முதல் நாள் மத்தியானம் வரைக்கும் பேசவே இல்ல, அப்புறம் தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சுது, விடியுறதுக்கு முன்னால தலையில லைட்ட கட்டிட்டு அப்பா கூட போனது, சிரட்டையில பால் சொட்டுறது, முந்தின வெட்டுல காஞ்சு ஒட்டியிருக்குற ஒட்டுப்பால உரிச்சுச் சேர்த்தது. குரூப்ல நல்லா எழுதுற பையன் அத 'ரப்பர் வேஸ்ட்'னு எழுதிட்டான். "வேஸ்ட் இல்ல, அத வித்துதான் எனக்க பரீட்சை பீஸ் கெட்டினது"ன்னு அவ சொன்னதும் எல்லாரும் போன எடுத்துத் தேடி 'ட்ரீ லேஸ்'னு கண்டுபிடிச்சாங்க. லேஸ்னா கேக்குறவனுக்குப் புரியுமான்னு அரைமணி நேரம் சண்டை, அஞ்சு பேரும் பேசினாங்க டீச்சர், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதனால எழுத ஒருத்தன், எடிட்டிங்குக்கு ஒருத்தன்னு வேலைய பிரிக்காதீங்க. கதை யாருதோ குரல் அவங்களுது, மத்த நாலு பேரும் கேள்வி கேட்டு, வரி சேர்த்து, படம் தேடணும். ஸ்கிரிப்ட் 250 வார்த்தைக்குள்ள நிக்கட்டும், ரெண்டு நிமிஷம் ஓடும். கூகுள் டாக்ஸ்ல எழுதினா யார் எந்த வரிய மாத்தினாங்கன்னு வெர்ஷன் ஹிஸ்டரியில பாத்துக்கலாம். கிராமர் கடைசி டிராப்ட்ல திருத்தினா போதும். உச்சரிப்புக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், தன் குரல ரெண்டு தடவ கேட்டாலே மூணாவது டேக் அவங்களே கேட்டு வாங்குவாங்க.

இன்னொண்ணு, குளச்சல், தூத்தூர் பக்கத்துப் பிள்ளைக இருந்தா, 2017 ஒக்கி புயல்ல கடலுக்குப் போன அப்பனோ அண்ணனோ வராத வீட்டுக் கதை வரலாம். வட்டத்துல சொல்லிட்டாங்கன்னா கேட்டுக்கிடுங்க. வீடியோவா ஆக்கணுமா வேண்டாமான்னு அந்தப் பிள்ளைதான் சொல்லணும், மார்க்குக்காக அத வாங்கிராதீங்க.