மூன்று வருடம், மாதம் ஐந்து டாலர்

வணக்கம் அண்ணாச்சி,

என் பெயரைப் போட வேண்டாம். ஊர் குழித்துறைப் பக்கம், வேலை கழக்கூட்டத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியில். வேறு யாரிடமும் பேச முடியாத விஷயம், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

மூன்று வருடமாகப் பேட்ரியான் என்ற இணையதளத்தில் ஒரு அடல்ட் கேமுக்கு மாதம் 5 டாலர் கட்டி வருகிறேன். விஷுவல் நாவல் வகை, அதாவது படங்களோடு கதையை வாசித்து, நடுவில் முடிவுகளை நாமே தேர்ந்தெடுத்து விளையாடுவது. யாரோ ஒரு ஆள் தனியாகச் செய்கிறார். அந்த மாதிரிக் காட்சிகளுக்காக மட்டும் நான் கட்டவில்லை, கதை உண்மையிலேயே நன்றாக இருக்கும். தொடக்கத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு அப்டேட் வந்தது. பிறகு நான்கு மாதம் ஆனது. கடைசி அப்டேட் வந்து இப்போது ஒன்பது மாதம். அதுவும் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. பதிப்பு இன்னும் 0.6தான், 1.0 வந்தால்தான் கேம் முடிந்ததாகக் கணக்கு. மாதாமாதம் "வேலை நடக்கிறது" என்று ஒரு வரி போடுகிறார், அவ்வளவுதான். இதுவரை 15,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருக்கிறேன். போன வாரம் கோபத்தில், "உழைப்பு என்றால் என்னவென்று தெரியுமா உனக்கு" என்று தொடங்கி மோசமாக ஒரு கமெண்ட் போட்டுவிட்டேன்.

இவர்கள் வேண்டுமென்றே இழுக்கிறார்களா? இதுவும் நம்மூர் சீட்டுக் கம்பெனி மாதிரி மோசடிதானா? நான் நிறுத்திவிடவா?

*

அன்புள்ள தம்பி,

இந்தக் கடிதத்தை வெளியிடத்தான் வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வயது வந்த ஒருவர், வயது வந்தவர்களைப் பற்றிய ஒரு கதையைக் காசு கொடுத்து விளையாடுவதில் நான் குற்றம் காணவில்லை. நானும் அப்படி இரண்டு கேம்களுக்குக் கட்டியவன். ஒன்றை நிறுத்திவிட்டேன், மற்றதற்கு இன்னும் கட்டுகிறேன்.

சீட்டுக் கம்பெனி என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டத்தில் அது சும்மா வாயில் வரும் சொல் இல்லை. சீட்டில் போட்ட பணம் போய், மகள் கல்யாணம் தள்ளிப்போன வீடுகள் உங்கள் தெருவிலும் இருக்கும், என் தெருவிலும் இருக்கின்றன. ஆனால் சீட்டில் தொகையும் தவணையும் எழுதித் தருகிறார்கள். எழுதியதை மீறினால் அது மோசடி. பேட்ரியானில் உங்களுக்கு யாரும் முடிந்த கேமை எழுதித் தரவில்லை. 2013இல் அந்தத் தளம் வந்ததே, ஒருவர் தொடர்ந்து வேலை செய்ய மற்றவர்கள் மாதாமாதம் தாங்குவதற்காகத்தான். கிக்ஸ்டார்டர் என்ற தளம் வேறு கணக்கு. இவ்வளவு தொகை சேர்ந்தால் இந்தப் பொருள், உத்தேசமாக இந்த மாதம் என்று சொல்லித்தான் அங்கே காசு திரட்ட முடியும். ஆனால் ஆபாசப் படைப்புகளை அவர்கள் விதிப்படியே ஏற்பதில்லை. அதனால் இந்த வகை கேம் செய்கிறவர்களில் பெரும்பாலானோர் மாதச் சந்தாவுக்கு வந்து சேர்ந்தார்கள். நீங்கள் மூன்று வருடமாக ஒரு ஆளின் நாட்களுக்குக் கூலி கொடுத்திருக்கிறீர்கள். ஒரு கேமுக்கு விலை கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கோபம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

இந்த முறையில் ஒரு பெரிய கோளாறு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. கேமை முடித்துவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து சந்தா குறையும். முடிக்காமல் இருக்கும் வரை வந்துகொண்டே இருக்கும். நல்ல மனிதனையும் இது மெல்ல மெல்ல மாற்றிவிடும். முதல் வருடம் இரவு பகலாக உழைத்தவர், மூன்றாம் வருடம் இன்னும் ஒரு கிளைக்கதை சேர்த்தால் என்ன என்று யோசிக்க ஆரம்பிப்பார். அவர் திட்டம் போட்டு ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். வருமானம் வரும் வழியிலேயே அந்த இழுவை இருக்கிறது.

வேலையும் நிஜமாகவே மெதுவான வேலைதான். எனக்கு இது புரிந்தது, இரண்டு வருடத்துக்கு முன் நானே ஒரு காட்சி செய்து பார்த்தபோது. இந்த கேம்களில் நிறைய, ரென்பை என்ற இலவச மென்பொருளில் எழுதப்படுகின்றன. படங்களைப் பலரும் டாஸ் ஸ்டுடியோ என்ற முப்பரிமாணப் பட மென்பொருளில் செய்கிறார்கள். மருமகனின் கம்ப்யூட்டரில் இரண்டையும் இறக்கி வைத்துக்கொண்டேன். ஒரு அறை, ஒரு சன்னல், மேசை முன்னால் ஒரு பெண், மேசையில் ஒரு காபி கோப்பை. இவ்வளவுதான் என் காட்சி. உடையைச் சரிசெய்து, வெளிச்சம் வைத்து, ரெண்டர் (கம்ப்யூட்டர் முழுப் படத்தையும் கணக்குப் போட்டு உருவாக்கும் வேலை) கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். 40 நிமிடம் கழித்துப் படம் வந்தது. கோப்பை மேசையில் இல்லை, ஒரு விரல் உயரத்தில் மிதக்கிறது. இறக்கி வைத்து மறுபடி கொடுத்தேன், மறுபடி 40 நிமிடம். இப்போது கோப்பை சரி, அந்தப் பெண்ணின் தலைமுடி தோளுக்குள் புகுந்திருக்கிறது. மூன்றாவது தடவை பாதியில் கரண்ட் போனது. ஒரே ஒரு படத்துக்கு ஒரு ராத்திரி. நீங்கள் அரை மணி நேரத்தில் தட்டித் தள்ளிய அப்டேட்டில் அப்படி நூற்றுக்கணக்கான படங்கள் இருந்திருக்கும்.

அசையும் காட்சி என்றால் கணக்கு இன்னும் ஏறும். வினாடிக்கு 30 படம் என்று வைத்தால் ஐந்து வினாடிக்கு 150 படம். நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கி ஒரு படத்தை ஆறு நிமிடத்தில் எடுத்தாலும் 15 மணி நேரம். அந்த நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் வேறு வேலை ஓடாது.

அப்புறம் கிளைகள். கதையில் மூன்று பெண்கள், ஒவ்வொருவரோடும் நாயகன் நெருங்கியிருக்கலாம் அல்லது விலகியிருக்கலாம் என்றால், அடுத்து எல்லோரும் சந்திக்கும் ஒரு விருந்துக் காட்சியை எட்டு நிலைமைகளுக்குப் பொருந்துமாறு எழுத வேண்டும். நான்காவது பெண் வந்தால் பதினாறு, ஐந்தாவது பெண் வந்தால் முப்பத்திரண்டு. 0.2 பதிப்பு எளிதாக வந்ததும் 0.6 திணறுவதும் இதனால்தான். விளையாடி நிறுத்திய இடத்தைச் சேமித்து வைக்கும் பழைய சேவ் ஃபைல் வேலை செய்யவில்லை என்றால் நாம் கத்துவோம் என்பதால் பழைய முடிச்சுகளை அறுக்கவும் முடியாது. சரி, அந்த நான்காவது பெண்ணும் ஐந்தாவது பெண்ணும் கதைக்குள் எப்படி வந்தார்கள்? பெரும்பாலும் சந்தாதாரர்களுக்கு ஓட்டெடுப்பு வைத்து. நானும் ஓட்டுப் போட்டிருக்கிறேன். நீங்களும் போட்டிருப்பீர்கள். புதிய கதாபாத்திரம் வேண்டுமா, பழைய கதையை முடிக்க வேண்டுமா என்று கேட்டால் நம்மில் பலர் புதியதைத்தான் கேட்கிறோம். தாமதத்தில் அந்தப் பங்கு நம்முடையது.

இது அடல்ட் கேமுக்கு மட்டும் வந்த வியாதியும் கிடையாது. 2012இல் மக்களிடம் காசு திரட்டிய ஸ்டார் சிட்டிசன் என்ற விண்வெளி விளையாட்டை 2014இல் தருவதாகச் சொன்னார்கள். கோடிக்கணக்கான டாலர் சேர்ந்த பிறகும் அது முழுமையாக வெளிவரவில்லை. ஹாலோ நைட் என்ற விளையாட்டு 2014இல் கிக்ஸ்டார்டரில் சின்னத் தொகை திரட்டி 2017இல் வந்தது. அந்தத் திரட்டலின்போது கூடுதலாக ஒரு கதாபாத்திரம் தருகிறோம் என்று கொடுத்த வாக்குத்தான் பிறகு சில்க்சாங் என்ற தனி விளையாட்டாக வளர்ந்தது. 2019இல் அறிவித்து 2025 செப்டம்பரில் தந்தார்கள். அதற்கு யாரும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கவில்லை, முதல் விளையாட்டு விற்ற காசில் வாழ்ந்துகொண்டு செய்தார்கள். அவர்களால் அவ்வளவு காலம் பேசாமல் இருக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அடல்ட் கேம் பக்கத்துக் கதைகளும் உண்டு. 2016இல் தொடங்கிய சம்மர்டைம் சாகா, அடித்தளத்தையே மாற்றி எழுத உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டது. பிரீடிங் சீசன் என்ற கேமுக்கு மாதம் பல்லாயிரம் டாலர் வந்தது. ஓவியரும் உருவாக்கியவரும் பிணங்கிக்கொண்டார்கள், படங்களின் உரிமை ஓவியரிடம் இருந்தது, 2016இல் அப்படியே கைவிடப்பட்டது. இதற்கு மேல் விதிகளின் தொல்லை. 2017இல் பேட்ரியான் அடல்ட் படைப்புகளுக்கான விதிகளை இறுக்கியபோது கதையையே மாற்றி எழுத வேண்டி வந்தவர்கள் உண்டு. 2025 ஜூலையில், பணப் பரிமாற்ற நிறுவனங்களின் நெருக்கடியால், கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் பல அடல்ட் கேம்களை நீக்கியது. இட்ச் என்ற இன்னொரு விற்பனைத் தளம் அந்த வகை முழுவதையும் தேடலிலிருந்து எடுத்தது. நேற்று வரை விற்ற கேம் இன்று தேடினால் கிடைக்காது என்ற பயத்தோடு உட்கார்ந்துதான் அவர்கள் வேலை செய்கிறார்கள்.

இப்போது நான் முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "வேறு யாரிடமும் பேச முடியாத விஷயம்" என்ற வரி. சீட்டில் காசு போனால் மார்த்தாண்டம் சந்திப்பில் நின்று கத்தலாம், நாலு பேர் சேர்வார்கள். இதில் ஏமாந்தால் ரயிலில் பக்கத்துச் சீட்டு நண்பரிடம்கூடச் சொல்ல முடியாது. சொல்ல முடியாத கோபம் உள்ளேயே கிடந்து ஊறும். அதுதான் அந்தக் கமெண்டில் வெளியே வந்திருக்கிறது. மறுபக்கம் இருக்கும் ஆளுக்கும் இதே நிலைமைதான். புனைபெயரில் இருக்கிறார். அம்மாவுக்கு என்ன வேலை என்று சொல்லியிருப்பாரோ தெரியாது. நம் நாட்டில் என்றால் வெளிப்படையான காட்சிகளோடு இப்படி ஒன்றைச் செய்து வெளியிடுகிறவர் மீது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவே பாயும், முதல் தடவைக்கே ஐந்து வருடம் வரை சிறை. முகமில்லாத ஒருவர், முகமில்லாத ஆயிரம் பேருக்காகச் செய்கிறார். அவர் காய்ச்சலில் கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது, நீங்கள் குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கு நடுவில் அந்த 5 டாலரை ஒதுக்குகிறீர்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. இடையில் இருப்பது அவர் எழுதும் மாதக் குறிப்பு ஒன்றுதான். அதனால்தான் "வேலை நடக்கிறது" என்ற ஒற்றை வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் ரப்பர் நிற்கிறது. பழைய மரங்களை வெட்டிவிட்டு அப்பா புதுக்கன்று வைத்தபோது நான் கல்லூரியில் படித்தேன். ஏழு வருடம் பால் கிடையாது. முதல் மூன்று வருடம் ஊடே கைதச்சக்கை, அதாவது அன்னாசி, போட்டோம், வீட்டுச் செலவு அதில் ஓடியது. ஒவ்வொரு வருடமும் மழை ஓய்ந்ததும் அப்பா டெய்லர் டேப்பை எடுத்துக்கொண்டு போவார். ஒட்டுக் கட்டிய இடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி அளப்பார். அங்கே சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்தால்தான் கத்தி வைக்கலாம். அளந்ததை ஒரு பழைய டைரியில் எழுதி, ராத்திரி அம்மாவிடம் வாசித்துக் காட்டுவார். 31, 29, 34. அம்மாவின் நகை அடகில் இருந்தது. ஒருநாள்கூட அவள் எப்போது பால் வரும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. டைரியைத்தான் கேட்பாள்.

அதே சமயம் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் கைதச்சக்கையில் காசு பார்த்ததும் உரத்தையெல்லாம் அதற்கே கொட்டினார். ஏழாம் வருடம் அவர் ரப்பர் மரங்கள் மணிக்கட்டுப் பருமனில் நின்றன. நான் நிறுத்திய கேமில் இதைத்தான் பார்த்தேன். சந்தாதாரர்களுக்குச் சிறப்புப் படங்கள், பண்டிகைப் படங்கள், பிறகு பக்கத்திலேயே இரண்டாவது கேம், மூன்றாவது கேம். முதல் கதை நின்ற இடத்திலேயே நின்றது. ஐந்து மாதம் பார்த்துவிட்டு நிறுத்தினேன்.

இன்னும் கட்டிவரும் கேமும் தாமதம்தான், வருடத்துக்கு இரண்டு அப்டேட் வந்தால் பெரிது. ஆனால் செய்கிறவர் மாதாமாதம் எத்தனை படம் முடிந்தது, எந்தக் காட்சி எழுத வரவில்லை, எதைத் தூக்கிப் போட்டார் என்று எழுதுகிறார். போன வருடம் அவர் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு மாதம் சந்தா எடுப்பதையே நிறுத்தி வைத்தார். பேட்ரியானில் அதற்கு வசதி இருக்கிறது. உங்கள் ஆள் ஒன்பது மாதத்தில் ஒரு மாதமாவது அப்படிச் செய்திருக்கலாம். செய்யவில்லை என்பது அவர்மேல் எனக்கு உள்ள குறை.

ஆகவே நிறுத்துங்கள். இந்த மாதமே நிறுத்துங்கள். மோசடிக்காரன் என்று பெயர் வைத்து நிறுத்த வேண்டாம், கணக்குச் சொல்லவில்லை என்பதற்காக நிறுத்துங்கள். கட்டிய பதினைந்தாயிரத்துக்கு, மூன்று வருடத்தில் நீங்கள் விரும்பி வாசித்த ஆறு பகுதிகள் கிடைத்திருக்கின்றன. அதைப் போன காசு என்று எழுத வேண்டாம். கேம் முடிந்து வந்தால் அன்றைக்கு விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

அந்தக் கமெண்டை அழித்துவிடுங்கள் தம்பி. உழைப்பைப் பற்றி அவரிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அதற்குப் பதில் நாலு வரி எழுதுங்கள். கோபத்தில் பேசிவிட்டேன், மன்னிக்கவும், சந்தாவை நிறுத்துகிறேன், மாதம் என்ன செய்தீர்கள் என்று எழுத ஆரம்பித்தால் திரும்பி வருவேன் என்று. கதையில் உங்களுக்குப் பிடித்த ஒரு இடத்தையும், எந்தக் காட்சி என்று சொல்லி, சேர்த்து எழுதுங்கள். அவருக்கு வரும் கடிதங்களில் அது குறைவாகத்தான் இருக்கும். பதில் வந்தால் எனக்கும் தெரியப்படுத்துங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி