எலும்பும் குழாயும்: ஓவியர் ஹெச். ஆர். கீகர் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ‘ஏலியன்’ என்ற ஆங்கிலத் திகில் படத்தின் வேற்றுக்கிரக விலங்கைக் கீகர் படத்துக்காகவே வரைந்தாரா?

பதில்: இல்லை, அது முன்பே அவருடைய ஓவியத்தில் இருந்தது. 1976இல் அவர் வரைந்த ‘நெக்ரோனோம் 4’ ஓவியத்தை, மறு ஆண்டு வெளிவந்த அவரது தொகுப்பில், திரைக்கதையாசிரியர் டான் ஓபேனன் காட்டக் கண்ட இயக்குநர் ரிட்லி ஸ்காட், தாம் தேடிய உயிரினம் அதுவே என்று முடிவு செய்தார். ஓவியத்தில் பெரிய கரிய கண்கள் உண்டு. 1979இல் வெளியான படத்திலோ கண்களே தெரிவதில்லை. அது யாரைப் பார்க்கிறது என்று தெரியாமல் போனதே பாதிப் பயத்துக்குக் காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: உலோகமா சதையா என்று பிரித்தறிய முடியாத அந்தத் தோற்றம் எப்படி வந்தது?

பதில்: ஓவியத்தில் அது ஏர்பிரஷின் வேலை. காற்றழுத்தத்தால் மை தூவப்படுவதால் தூரிகையின் தடம் விழுவதில்லை. ஆகவே முதுகெலும்பு குழாயாக மாறும் இடத்தில் கோடு எதுவும் தென்படாமல், சாம்பல் நிறம் மெல்ல மெல்ல இருளுக்குள் இறங்கிவிடுகிறது. படத்துக்கான உருவத்தை வடித்தபோதும் இதே எண்ணம்தான்: பிளாஸ்டிசின் களிமண்ணில் பாம்பின் முதுகெலும்புகளையும் ரோல்ஸ் ராய்ஸ் காரின் குழாய்களையும் பதித்தார். தாடையை இயக்கும் தலைப்பொறி மட்டும் சிறப்புக் காட்சிக் கலைஞர் கார்லோ ராம்பால்டியின் கைவண்ணம். 1980இல் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது இவர்கள் இருவர் உட்பட ஐவருக்குக் கிடைத்தது.

கேள்வி: இவ்வளவு இருள் அவர் மனத்தில் எங்கிருந்து வந்தது? சிறு வயதுத் துயரமா?

பதில்: 1940இல் சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் மருந்தாளுநர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். தந்தைக்கு வந்த மண்டையோட்டையும், ஊர் அருங்காட்சியகத்தின் எகிப்திய மம்மியையும் சிறு வயதிலேயே கண்டு ஈர்க்கப்பட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பின்னாளில் இரவில் வந்த கொடுங்கனவுகளைத் தணிக்க வரைந்ததும் உண்மை. ஆனாலும் எல்லாவற்றையும் இளமைக்காலத்தின் தலையில் கட்டிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. சூரிச்சில் கட்டடக்கலையும் தொழில்துறை வடிவமைப்பும் படித்தவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவருடைய உருவங்களில் எந்த எலும்பு எதைத் தாங்குகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்து பார்க்க முடிவது அந்தப் படிப்பினால்தான்.

கேள்வி: அவருடைய படைப்புகளை எங்கே பார்க்கலாம்?

பதில்: சுவிட்சர்லாந்தில் பாலாடைக்கட்டிக்குப் பேர்போன க்ரூயேர் ஊரில் 1998இல் அவரே தொடங்கிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அவர் 2014 மே மாதம் காலமானார். அருங்காட்சியகத்தை ஒட்டியுள்ள மதுக்கூடத்துக்கும் செல்லுங்கள்; அங்கே கூரையைத் தாங்கும் வளைவுகள் முதுகெலும்புக் கணுக்களாகவே வடிக்கப்பட்டுள்ளன.