சியான் தெற்கு வாசல் கோபுரம்: ஒரு மாலையில் எப்படிப் பார்ப்பது?

கேள்வி: மே கடைசியில் குடும்பத்துடன் சீனா போகிறோம். சியான் நகரில் இரண்டு நாள். ஒரு நாள் காலை முதல் மதியம் வரை சுடுமண் வீரர்களைப் பார்க்கவே சரியாகிவிடும். பழைய நகர மதிலின் தெற்கு வாசல் கோபுரத்தை ஒரு மாலைப் பொழுதில் நன்றாகப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. மகனுக்கு 10 வயது, மதில் மேல் சைக்கிள் ஓட்டியே தீருவேன் என்கிறான். எங்கே ஏறுவது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது, சைக்கிளில் முழுச் சுற்றும் போய்வர முடியுமா?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். டிக்கெட் வாங்கியதும் படியேறி, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். 14 கிலோமீட்டர் மதிலைச் சுற்றிவிட்டு, வாசலைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். இந்த வாசலைக் கீழிருந்து, அதுவும் ஊருக்கு வெளியிலிருந்து உள்ளே வருகிற வழியில்தான் பார்க்க வேண்டும். மேலே ஏறுவது அதற்குப் பிறகு.

ஏனென்றால் தெற்கு வாசல் ஒற்றைக் கோபுரம் அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கோபுரங்கள், நடுவே இரண்டு முற்றங்கள். அகழியை ஒட்டி வெளியே நிற்கும் சிறியது ‘ஜாலோ’. தொங்குபாலத்தைத் தூக்குவதும் இறக்குவதும் இதன் பொறுப்பு. அடுத்து ‘ஜியென்லோ’, அதாவது அம்புக் கோபுரம். வெளிப்பக்கச் சுவர் முழுக்க வரிசை வரிசையாகச் சின்ன ஜன்னல்கள், உள்ளிருந்து எய்வதற்கு. கடைசியில், ஊரை ஒட்டி நிற்பது ‘ஜெங்லோ’, தலைமைக் கோபுரம். படங்களில் பார்த்திருப்பீர்களே, மூன்றடுக்குக் கூரை இறக்கங்களோடு நிற்பது, அது இதுதான். மூன்று கூரை தெரிவதால் மூன்று மாடி என்று நினைக்கத் தோன்றும். உள்ளே இரண்டு தளங்கள்தான்.

அம்புக் கோபுரத்துக்கும் தலைமைக் கோபுரத்துக்கும் நடுவே உள்ள முற்றத்தின் பெயர் ‘வெங்செங்’. ‘வெங்’ என்றால் வாயகன்ற பெரிய மண்பாண்டம், நம் தாழி மாதிரி. பெயரிலேயே வேலை இருக்கிறது. வெளிக்கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்த படை ஊருக்குள் வந்துவிட்டதாக நினைக்கும். ஆனால் எதிரே இன்னொரு கதவு, நாலு பக்கமும் 12 மீட்டர் உயரச் சுவர், சுவர் மேல் நாலா பக்கமும் வில்லாளிகள். தாழிக்குள் விழுந்த எலிதான். முற்றத்தின் நடுவில் நின்று மெதுவாக ஒரு முழுச் சுற்றுத் திரும்பிப் பாருங்கள், மகனையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒளிய ஒரு மூலை இல்லை என்பது அவனுக்கே தெரிந்துவிடும். மேலே ஏறிவிட்டால் இதே இடம் வெறும் திறந்தவெளியாகத்தான் தெரியும்.

ஆகவே மெட்ரோ 2ஆம் தடத்தில் யோங்நிங்மென் (தெற்கு வாசலின் பெயர் அதுதான்) நிலையத்தில் இறங்கியதும் மதிலுக்கு வெளியே, தெற்குப் பக்கம் உள்ள சதுக்கத்துக்குப் போங்கள். வாசலைச் சுற்றி வாகனச் சாலை ஓடுகிறது. மேலே குறுக்கே கடக்கப் பார்க்காமல் சுரங்கப் பாதையில் செல்லுங்கள். அங்கிருந்து அகழிப் பாலம், ஜாலோ, முதல் முற்றம், அம்புக் கோபுரம், வெங்செங், தலைமைக் கோபுரம் என்ற வரிசையில் நடந்தால் நானூறு ஆண்டுகளுக்கு முன் ஊருக்குள் நுழைந்தவர் பார்த்த வரிசை கிடைக்கும். இதற்கு முக்கால் மணி நேரம் கொடுங்கள். ஏற்றம் இறக்கம் அதிகமில்லை, அம்மாவுக்கும் சிரமம் இருக்காது. வெளிநாட்டுத் தலைவர்களை வரவேற்பதும் இதே பாதையில்தான். 2015 மே 14 அன்று பிரதமர் மோடிக்கு தாங் பேரரசு காலத்துப் பாணியில் வரவேற்பு கொடுத்த இடம் இது. சில மாலைகளில் வெங்செங்கிலேயே மேடை போட்டுத் தனிக்கட்டணக் கலைநிகழ்ச்சி நடத்துவார்கள். அப்போது முற்றம் நாற்காலிகளால் நிறைந்துவிடும். ஐந்து மணிக்கு முன்னால் கீழ்ப்பகுதியை முடித்துவிடச் சொல்வது இதனால்தான்.

இனி, எது பழையது, எது புதியது என்பது. இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. இந்த மதில் மிங் பேரரசின் முதல் மன்னர் ஹொங்வூ காலத்தில் 1370 முதல் 1378 வரை கட்டப்பட்டது. அப்போது அது இடித்துக் கெட்டிப்படுத்திய மண் மதில். வெளிப்புறம் செங்கல் போர்த்தியது 1568இல். ஆனால் வாசலின் இடம் அதைவிட ரொம்பப் பழையது. சுயி பேரரசு 582இல் எழுப்பிய அரசு அலுவலக நகரின் தெற்கு வாசல்களில் ஒன்று இங்கேதான் இருந்தது. யோங்நிங், அதாவது ‘நிலைத்த அமைதி’, என்பது மிங் காலத்தில் வைத்த பெயர். பெயருக்கு ஏற்ற வாழ்வு அதற்கு வாய்க்கவில்லை. 1926இல் நகரம் எட்டு மாதம் முற்றுகையில் கிடந்தபோது தெற்கு அம்புக் கோபுரம் அழிந்தது. இன்று நீங்கள் பார்க்கும் அம்புக் கோபுரம் 2014இல் மீண்டும் எழுப்பியது. பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் மிங் மரவேலை என்று நினைத்துப் படம் எடுக்காதீர்கள். அசலான மிங் அம்புக் கோபுரம் பார்க்க வேண்டுமென்றால் மேற்கு வாசலான அன்டிங்மென்னுக்குப் போக வேண்டும். அதன் முகப்பில் வரிசைக்கு 12 வீதம் நாலு வரிசை, 48 அம்பு ஜன்னல்கள். உங்கள் சைக்கிள் பயணத்தை அந்தப் பக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்லப்போகிறோம்.

பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் சில ஆண்டுகளாக 54 யுவான். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், டிக்கெட்டுக்கும் சைக்கிளுக்கும் கேட்பார்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டைக் காட்டி மூத்தோர் சலுகையும், மகனுக்குச் சிறுவர் கட்டணமும் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். மேலே ஏறும் படிகள் நீளமானவை. அம்மா ஒரே ஒரு முறை ஏறி, ஒரே ஒரு முறை இறங்குவதாகத் திட்டமிடுங்கள். தண்ணீர், கழிவறை, மறந்துபோன தொப்பி எல்லாம் கீழேயே முடிந்துவிட வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்ற பழைய விதி இங்கே ரொம்ப உதவும்.

மேலே போனதும் உங்களை வியக்க வைப்பது அகலம். மேல்தளம் 12 முதல் 14 மீட்டர், அடியில் 15 முதல் 18 மீட்டர். அதாவது உயரத்தைவிட அகலம் அதிகமான மதில். வெளிப்பக்கம் பல்வரிசை போல மேடும் இடைவெளியுமாக இருக்கும். நம் பழந்தமிழில் ஞாயில் என்பார்களே, அதே உறுப்பு. உள்பக்கச் சுவர் இடுப்பளவு, இடைவெளி இல்லாமல் நேராக ஓடும். அது எதிரிக்காக அல்ல, காவலர் தவறி விழாமல் இருக்க.

தரையைக் கவனியுங்கள். பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை ஊற்றினால் அது வெளிப்பக்கம் போகாது, ஊர்ப்பக்கம்தான் ஓடும். தளத்தையே உள்நோக்கிச் சரித்து அமைத்திருக்கிறார்கள். உள்சுவரின் அடியில் தண்ணீர் போகும் துளையும், அதன் கீழே மதிலோடு ஒட்டிச் செங்கல்லில் கட்டிய வடிகாலும் சீரான இடைவெளியில் வரும். உள்ளே இருப்பது மண். மேலே தேங்கும் மழைநீர் இறங்கினால் மண் ஊறி உப்பும், செங்கல் போர்வை பிதுங்கிச் சரியும். மண் மதிலுக்கு எமன் பீரங்கியைவிட மழைதான். இத்தனை நூற்றாண்டுகள் இது நின்றதில் இந்தச் சரிவுக்குப் பெரிய பங்கு உண்டு. எத்தனையோ பேர் அதன் மேலேயே சைக்கிள் ஓட்டிக்கொண்டு அதைப் பார்க்காமல் போகிறார்கள்.

மகனுக்கு இன்னொரு கணக்கு. மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் கொத்தளங்கள் மொத்தம் 98, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் 120 மீட்டர். எதற்கு 120? ஒரு கொத்தளத்திலிருந்து எய்த அம்பு குறி தவறாமல் 60 மீட்டர் போனால் போதும், அடுத்த கொத்தளத்திலிருந்து வரும் அம்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். மதிலின் அடியில் ஒட்டி நின்றால் தப்பலாம் என்று வருபவனுக்கு இரண்டு பக்கவாட்டிலிருந்தும் அம்பு விழும். இரண்டு கொத்தளங்களுக்கு நடுவே அவனை எட்டு வைத்து எண்ணச் சொல்லுங்கள்.

சைக்கிளுக்கு வருவோம். முழுச் சுற்று 13.74 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் ஒன்றரை மணி நேரம், நின்று பார்த்தால் இரண்டுக்கு மேல். வாடகை ஒற்றைச் சைக்கிளுக்கு 3 மணி நேரத்துக்கு 45 யுவான் அளவிலும், இருவர் மிதிக்கும் இரட்டைச் சைக்கிளுக்கு அதன் இரு மடங்கும் இருந்துவருகிறது, முன்பணம் தனி. 10 வயதுப் பையனிடம் தனிச் சைக்கிள் தர மாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டே போங்கள், இரட்டைச் சைக்கிள் எடுங்கள். தளம் வழவழப்பானது அல்ல. செங்கல் மேல் செங்கலாகக் குலுக்கிக்கொண்டே இருக்கும், கால்மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துவிடும். எடுக்கும்போதே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், இருக்கையின் உயரத்தைச் சரிசெய்யுங்கள், டயரில் காற்றுக் குறைவாக இருந்தால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள். பாதி வழியில் சங்கிலி கழன்றால் அடுத்த வாடகை நிலையம் வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

முழுச் சுற்று உங்களுக்கு வேண்டாம் என்பது எங்கள் தெளிவான கருத்து. அம்மாவை இரண்டு மணி நேரம் காத்திருக்க வைப்பது சரியல்ல. வடக்குப் பகுதியில் பார்க்க இருப்பதும் குறைவு. தெற்கு வாசலிலிருந்து மேற்கே திரும்பி அன்டிங்மென் வரை போய் வாருங்கள். ஒரு வழி நாலு கிலோமீட்டருக்குள்தான். வழியில் தென்மேற்கு மூலையைப் பாருங்கள்: மற்ற மூன்று மூலைகளும் சதுரம், இது மட்டும் வட்டம். முந்தைய தாங் கால நகரின் மூலை வடிவம் இங்கே அப்படியே தங்கிவிட்டது என்கிறார்கள். அன்டிங்மென்னில் அசல் அம்புக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

அந்த நேரத்தில் அம்மா மேலே ஓடும் மின்சார வண்டியில் போகலாம். எந்தெந்த வாசலில் நிற்கும், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். அல்லது ஏறாமலே, கீழே அகழியை ஒட்டிய பூங்காவில் உட்காரட்டும். அதற்குக் கட்டணம் இல்லை, நல்ல நிழல். மாலையில் உள்ளூர் முதியவர்கள் கூடி வாத்தியம் வாசித்துப் பாடுவார்கள். அங்கிருந்து அண்ணாந்து பார்க்கும் மதிலும் மேலிருந்து தெரிவதற்குக் குறைந்ததல்ல.

நேரம் இருந்தால் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மேற்கே ஒன்றரை கிலோமீட்டருக்குள் உள்ள ஹன்குவாங்மென் வாசல். மதிலின் வயிற்றுக்குள்ளேயே ஓர் அருங்காட்சியகம். தாங் கால வாசலின் அடித்தளமும், ஒரு காலத்து மண் மேல் அடுத்த காலத்து மண்ணாக மதில் ஏறிவந்த குறுக்குவெட்டும் அங்கே அப்படியே தெரியும். மேலே சைக்கிள் ஓட்டியபோது காலடியில் இருந்தது என்ன என்பதற்கு அதுதான் விடை. மதில் இரவு வரை திறந்திருந்தாலும் அருங்காட்சியகம் மாலையிலேயே மூடிவிடும். ஆகவே மூன்றரை மணிக்கே வர முடிந்தால் இதை முதலில் வையுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சூரியன் விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறுவது வழக்கம். சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரம்தான். சியான் அதற்கு மேற்கே தள்ளி இருப்பதால் மே கடைசியில் சூரியன் மறைய ஏழே முக்கால் ஆகிவிடும். ஆறு மணிக்கு இருட்டிவிடும் என்று அவசரப்பட வேண்டாம். மதிலின் மேல் நிழலே கிடையாது. நாலு மணி வெயில் கடுமையாக இருக்கும். நாலேகாலுக்குத் தெற்குச் சதுக்கம், ஐந்தேகாலுக்கு மேலே, ஐந்தரைக்குச் சைக்கிள், ஏழு மணிக்குத் தெற்கு வாசலுக்குத் திரும்புவது, கோபுரங்களில் விளக்கு ஏற்றும் வரை அங்கேயே இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் சைக்கிள் வாடகையை நிறுத்திவிடுவார்கள், செங்கல் வழுக்கும். மழைக்கு வாய்ப்பு இருந்தால் மதிலை உங்கள் முதல் நாள் மாலைக்கு வையுங்கள். தவறினாலும் மறுநாள் மிச்சம் இருக்கும். மே முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் சீன விடுமுறை, அப்போது வராதீர்கள். நீங்கள் மே கடைசியில் போவது நல்லது.

பெயர்க் குழப்பம் ஒன்று. உள்ளூர்க்காரர்கள் வாயில் இது ‘நான்மென்’, தெற்கு வாசல்; மெட்ரோ பலகையில் யோங்நிங்மென். டாக்சியில் ‘நான்மென்’ என்றால் போதும். அதிவேக ரயிலில் வந்தால் நீங்கள் இறங்கும் சியான் வடக்கு நிலையம் மதிலின் வடக்கு வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதாக நினைக்காதீர்கள். அது நகருக்கு வடக்கே வெகுதூரம். மெட்ரோ 2ஆம் தடம் அங்கிருந்து நேராக யோங்நிங்மென்னுக்கு வரும். மணிக்கூண்டு நிலையத்துக்கு அடுத்தது இது.

சீன சிம் போட்டால் கூகுள் மேப்ஸும் வாட்ஸ்அப்பும் இயங்காது. இந்திய சிம்மின் ரோமிங்கில் பெரும்பாலும் இயங்கும். சீனர்களின் பணம் செலுத்தும் செயலியான அலிபேயில் உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டை ஊரிலேயே இணைத்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பையும் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே போய்ச் செய்தால் ஓடிபி வராமல் கவுன்டரில் நிற்க நேரிடும். சைக்கிள் முன்பணத்துக்கும் மின்சார வண்டிக்கும் நானூறு, ஐந்நூறு யுவான் ரொக்கமும் பையில் இருக்கட்டும். முன்பண ரசீதைத் தொலைக்காதீர்கள், சைக்கிளை வேறு வாசலில் விட நேர்ந்தால் பணம் திரும்ப வாங்க அதைத்தான் கேட்பார்கள்.