வன்னியைக் கடந்து போகும் ரயில், வன்னிக்காக நிற்க வேண்டிய ரயில்: கேள்வி பதில்

புகையிரதப் பாதைப் பராமரிப்பில் நீண்ட காலம் வேலை செய்தவன் நான். போக்குவரத்துப் புகையைக் குறைக்க எங்கள் பகுதி ரயிலில் முதலிடுவது பற்றி உறவுகள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன்.

ரயிலும் டீசலில்தானே ஓடுகிறது? பஸ்ஸை விட்டு ரயிலில் ஏறினால் புகை எப்படிக் குறையும், ஐயா? (ஆசிரியை, வவுனியா)

நியாயமான கேள்வி. ஒரு லீற்றர் டீசல் எந்த இயந்திரத்தில் எரிந்தாலும் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். வேறுபாடு சக்கரத்தில் இருக்கிறது. உருக்குச் சக்கரம் உருக்குத் தண்டவாளத்தில் உருளும்போது எழும் தடை, றப்பர் ரயர் தார் வீதியில் சந்திக்கும் தடையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதோடு வன்னி சமதரை. மலைநாட்டுப் பாதையைப் போல ஏற்றத்தில் எரிபொருளைக் கொட்ட வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. லீற்றருக்கு 3.5 கிலோமீற்றர் ஓடும் பஸ்ஸில் 50 பேர் இருந்தால், ஒருவருக்குக் கிலோமீற்றருக்குச் சுமார் 15 கிராம் காபனீரொட்சைட்டுத்தான் ஆகிறது. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வாடகை வானில் 4 பேர் போனால் அது 67 கிராம். ஆகவே நிறைந்த பஸ்ஸிலிருந்து ஆட்களை இழுப்பதில் பெரிய பயன் இல்லை. வானையும் காரையும் லொறியையும் வீதியிலிருந்து இறக்குவதில்தான் பயன் இருக்கிறது. காலியான பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடும் ரயில் பஸ்ஸிடம் தோற்றுவிடும்.

இரணைமடுக் குளத்தின் கீழ் விளையும் எங்கள் நெல் லொறியில்தான் தெற்கு ஆலைகளுக்குப் போகிறது. ரயிலில் அனுப்ப வழியில்லையா? (விவசாயி, கிளிநொச்சி)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் புகையைக் குறைக்கும் பெரிய வாய்ப்பு பயணிகளைவிடச் சரக்கில்தான் இருக்கிறது. 10 தொன் நெல்லோடு லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடும் லொறி, கொழும்புவரை சுமார் 330 கிலோமீற்றருக்கு 80 லீற்றருக்கு மேல் குடிக்கும். 200 கிலோவுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டு அந்த ஒரு பயணத்துக்கு மட்டும். நிறையச் சுமந்து போகும் சரக்கு ரயில் அதே தொன்னை மூன்றில் ஒரு பங்கு எரிபொருளில், சில வேளை அதற்கும் குறைவாக, கொண்டு சேர்க்கும்.

பிறகு ஏன் நடக்கவில்லை? லொறி வயல்வரம்புக்கே வருகிறது. ரயிலுக்கென்றால் மூட்டையை நிலையத்தில் ஒரு தரம், இறங்குமிடத்தில் ஒரு தரம் கூடுதலாகத் தூக்க வேண்டும். மூட்டை தூக்கும் நாட்டாமைமாரின் கூலியிலேயே இலாபம் போய்விடும். அதோடு இது ஒற்றைத் தண்டவாளம். யாழ்தேவி பயணிகள் ரயில் எதிரே வந்தால் சரக்கு ரயில் ஒதுங்கி நிற்க, அதன் முழு நீளத்துக்குப் பக்கப்பாதை வேண்டும். எனவே பரந்தனில் பெட்டியின் தளத்தோடு சமமாக நிற்கும் மேடையுள்ள ஒரு களஞ்சியமும் நீண்ட பக்கப்பாதையும் அமைப்பதே நான் கேட்கும் முதல் முதலீடு. அதற்கு அப்பால் ஆனையிறவில் உப்பளத்தின் அருகாலேயே பாதை போகிறது. 2025இல் அங்கே உப்புத் தொழிற்சாலையும் திறந்தாயிற்று. உப்பு அவசரமாகப் போய்ச்சேர வேண்டிய பொருள் அல்ல, பாரமானது. ரயிலுக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு இல்லை.

முல்லைத்தீவுக்கு ஏன் ரயில் பாதை இல்லை? புதிதாகப் போடக் கேட்கலாமா? (மாணவன், புதுக்குடியிருப்பு)

தம்பி, உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. 1905இல் காங்கேசன்துறைவரை திறந்த வடபாதை, 1990இல் போரால் நின்று, 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டது. உங்கள் மாவட்டத்தின் மேற்கில் மாங்குளம் வழியாகப் போனாலும், கடற்கரைப் பக்கம் அது வந்ததில்லை. ஆனால் புகைக் கணக்கில் பார்த்தால் புதுப் பாதைக்கு உருக்கு, சீமெந்து, கல், வெட்டப்படும் காடு என்று முதலிலேயே பெரிய கடன் ஏறுகிறது. ஆள் நிறைந்து பல ஆண்டுகள் ஓடினால்தான் அது அடைபடும்.

இன்றைக்குச் செய்யக்கூடியது வேறு. ஒருநாள் அதிகாலை மாங்குளத்தில் இறங்கினேன். கூடவே இறங்கிய ஒரு தாய், தோளில் தூங்கும் பிள்ளையோடும் கையில் இரண்டு பைகளோடும் சந்திக்கு நடந்துபோய், முல்லைத்தீவு பஸ் சற்று முன்னர்தான் போனது என்று கேட்டுத் திரும்பவும் பைகளைக் கீழே வைத்தார். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு ஓட்டோவில் போனார். அடுத்த முறை அவர் ஏன் ரயிலில் வர வேண்டும்? மாங்குளத்தில் ரயில் நேரத்துக்குக் காத்து நிற்கும் பஸ் ஒன்று, பயணச்சீட்டு இரண்டுக்கும் ஒன்றாக: இதற்குத் தண்டவாளம் ஒரு முழம்கூடப் போட வேண்டியதில்லை.

ரயில் கூடினால் காவலில்லாத கடவைகளில் எங்கள் பிள்ளைகளின் கதி என்ன? (தாய், ஓமந்தை)

தடைக்கம்பமும் எச்சரிக்கை மணியும் பூட்டி வேலை செய்யத் தொடங்கும் வரையில் மேலதிக ரயில் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கடவைக் காவலருக்கு நிரந்தர நியமனமும் அந்தச் செலவுக்குள் வர வேண்டும்.

செட்டிகுளம் பக்கம் யானை அடிபடுகிறதே? (வாசகர், மன்னார் வீதி)

2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ஒரே மோதலில் ஆறு யானைகள் இறந்தன. யானை கடக்கும் இடங்களில் இரவு வேகத்தைக் குறைப்பதும், வளைவுகளில் பற்றையை வெட்டி ஓட்டுநருக்குப் பார்வை திறப்பதும் உடனே செய்யக்கூடியவை.

மன்னாரில் காற்றாலை இருக்கிறதே, மின்சார ரயில் விடலாமா? (இளைஞர், மடு)

தம்பபவனியின் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற் திறனுள்ளவை. ஆனால் நுரைச்சோலை நிலக்கரி நிலையம் 900 மெகாவாற். இரண்டும் ஒரே வலையமைப்பில்தான் சேர்கின்றன. ஆகவே மின்சார ரயிலுக்கு வரும் மின்சாரத்திலும் நிலக்கரிப் புகை கலந்திருக்கும். நாளுக்குச் சில ரயில்களே ஓடும் பாதைக்கு மேல் மின்கம்பி இழுக்கும் பணத்தை, இப்போதைக்கு ரயில்களின் எண்ணிக்கையைக் கூட்டச் செலவிடலாம்.

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறேன். விரிவுரை நேரத்துக்கு ஏற்ற ரயில் இல்லை. என்ன கேட்பது? (மாணவி, வவுனியா)

தங்கச்சி, கொழும்பிலிருந்து வரும் நீண்ட ரயிலை உங்கள் நேரத்துக்கு மாற்றச் சொல்லாதீர்கள், அது நடவாது. இரண்டு பஸ்களை முதுகோடு முதுகு பொருத்தித் தண்டவாளச் சக்கரம் பூட்டிய ‘ரயில் பஸ்’ இந்த நாட்டிலேயே ஓடியிருக்கிறது. பாரம் குறைவு என்பதால் நின்று நின்று போனாலும் எரிபொருள் அதிகம் தின்னாது. காலையில் வவுனியாவிலிருந்து புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, அறிவியல் நகர், கிளிநொச்சி என்று ஒன்று. மாலையில் திரும்ப ஒன்று. எத்தனை பேர் எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு ஏறுவீர்கள் என்று ஒரு கிழமை எழுதி எடுங்கள். அந்தத் தாளோடு வாருங்கள், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.